கியர் சைக்கிள் வாங்கப் போகும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,

பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டு வந்த கியர் சைக்கிளை வாங்க, பள்ளி திறப்பதற்குள் உங்களில் பலர் கடையேறப் போகிறீர்கள். ஏற்கெனவே வாங்கியாயிற்று, அது மாடிப்படிக்கு அடியில் காற்றிறங்கி நிற்கிறது என்பவர்களுக்கும் சேர்த்தேதான் இதை எழுதுகிறேன். "ஆசையா கேட்டான், வாங்கிக் குடுத்தோம், நாலு மாசம் ஓட்டினான், அப்புறம் தொடவே இல்லை" என்று அலுத்துக்கொள்ளும் அப்பாக்கள் இல்லாத அடுக்ககம் கிடையாது. சோம்பல், செல்போன், டியூஷன் என்று காரணமும் தயாராக வைத்திருப்பார்கள். அப்படி ஒதுங்கிய சைக்கிள்களில் பலவற்றைப் புரட்டிப் பார்த்த வழக்கத்தில் சொல்கிறேன்: பிள்ளையைக் குற்றவாளி ஆக்குவதற்கு முன் சைக்கிளைக் கொஞ்சம் விசாரியுங்கள். ஒன்று, அது அந்தப் பிள்ளையின் உடம்புக்குப் பொருந்தாத அளவாக இருக்கும். அல்லது செயின் நின்ற இடத்தில் நிற்காது. பாதிக்குப் பாதி இரண்டுமே இருக்கும்.

அளவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் தவறினால் பிறகு திருத்த வழியில்லை.

கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "இருபத்தாறா, இருபத்தேழரையா, இருபத்தொன்பதா?" என்பது. நாமும் பையனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இருபத்தேழரையே குடுங்க" என்கிறோம். அது சக்கரத்தின் அளவு. பிள்ளை உட்காரப்போவது ஃபிரேமில். 27.5 சக்கரம் போட்ட ஒரே மாடல் 15 இஞ்ச் ஃபிரேமிலும் வரும், 19 இஞ்ச் ஃபிரேமிலும் வரும். ஃபிரேம் அளவு என்பது பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயின் மேல் விளிம்பு வரையுள்ள நீளம். கடையில் யாரும் சொல்லவில்லை என்றால், டேப் வாங்கி நீங்களே அளந்துகொள்ளலாம். சில கம்பெனிகள் அந்தக் குழாயிலேயே எஸ், எம், எல் என்று ஒட்டியிருப்பார்கள். ஆனால் ஒரு கம்பெனியின் எம் இன்னொன்றின் எஸ்ஸாக இருப்பதும் உண்டு.

சக்கர அளவை நம்பி ஏமாறுவது டயர் வாங்கும்போதும் நடக்கும் என்பதால் ஒரு வரி. 26 × 1⅜ என்று போட்ட டயருக்கு உள்ள ரிம்மின் விட்டம் 590 மி.மீ. மலைச் சைக்கிளின் 26 × 2.1 டயருக்கு 559 மி.மீ. இரண்டும் "இருபத்தாறு"தான், ஒன்றுக்கு மற்றது ஏறாது. டயரின் பக்கவாட்டில் இந்த மில்லிமீட்டர் எண் பொறித்திருக்கும். அதைச் சொல்லிக் கேளுங்கள்.

"வளர்ற பையன் சார், பெரிசாவே எடுங்க." இந்த வசனத்துக்கு நம் வீடுகளில் செல்வாக்கு அதிகம். சட்டையில் பழகிய புத்தி அது. இன்னொரு காரணமும் உண்டு. நம்மில் பலர் அப்பாவின் அல்லது பெரியப்பாவின் சைக்கிளில் கற்றவர்கள். 28 இஞ்ச் சக்கரம், 22 அல்லது 24 இஞ்ச் ஃபிரேம், இடுப்புக்கு மேலே நிற்கும் பார். அதில் ஏறி உட்கார வழியில்லாமல், பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டோம். 2024இல் அந்தப் பெயரில் ஒரு படமே வந்தது. அந்த நினைவு இனிக்கிறது என்பதற்காகப் பெரிய சைக்கிளில் சிறு பிள்ளை "பழகிக்கொள்வான்" என்று முடிவு கட்டக் கூடாது. அன்று அந்தத் தெருவில் மாட்டுவண்டியும் இன்னொரு சைக்கிளும்தான் எதிரே வந்தன. இன்று தண்ணீர் லாரி வருகிறது.

பெரிய ஃபிரேமில் என்ன நடக்கும்? சீட்டை அடிமட்டம் வரை இறக்கியும் சிக்னலில் நுனிக்கால்தான் தரையைத் தொடும். திடீரென்று பிரேக் பிடித்துச் சீட்டிலிருந்து முன்னால் இறங்கினால், மேல்குழாய் எங்கே இடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹேண்டில்பார் எட்டாமல் முதுகை நீட்டி, கையை விறைத்துப் பிடிப்பான்; கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கும். "வலிக்குது" என்று பிள்ளைகள் சொல்வதில்லை. ஓட்டாமல் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

கியர் சைக்கிள் என்று நாம் வாங்கும் இந்த மலைச் சைக்கிள் பிறந்த கதை தெரிந்தால் ஃபிரேம் ஏன் தாழ்வாக இருக்க வேண்டும் என்பது எளிதாகப் புரியும். 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், டமல்பாய்ஸ் மலையைச் சுற்றியுள்ள மண் சரிவுகளில் சில இளைஞர்கள் 1930கள், 40களின் பழைய, தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து ஓட்டிக்கொண்டு இறங்கினார்கள். 1976இல் அதைப் பந்தயமாகவே நடத்தினார்கள். ஒரு முறை இறங்கி முடிப்பதற்குள் பின் ஹப்பின் பிரேக் சூட்டில் கிரீஸ் எரிந்துபோகும்; ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. பழைய ஃபிரேம்கள் இந்த அடியைத் தாங்காமல் போகவே, 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே ஃபிரேம் கட்டினார். கல்லும் பள்ளமுமான சரிவில் எந்த நொடியும் சீட்டை விட்டு எழ வேண்டும், காலை ஊன்ற வேண்டும். அதனால் பின்னால் வந்த ஃபிரேம்களில் மேல்குழாய் சரிந்து தாழ்ந்தது. அதே ஆளுக்கு ரோடு சைக்கிள் எடுத்தால் வரும் ஃபிரேமைவிட மலைச் சைக்கிளின் ஃபிரேம் சில இஞ்ச் சிறியதாக இருப்பது இதனால்தான்.

கடைக்குப் போவதற்கு முந்தைய நாள் வீட்டிலேயே ஓர் அளவு எடுத்துவிடுங்கள். பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரோடு முதுகு ஒட்டி நிற்கச் சொல்லி, கெட்டி அட்டை நோட்டு ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, கவடு வரை அழுத்தி உயர்த்துங்கள். நோட்டின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை உள்ளதுதான் கால் உயரம். ஒரே உயரமுள்ள இரண்டு பிள்ளைகளுக்குக் கால் உயரம் நாலைந்து சென்டிமீட்டர் வித்தியாசப்படலாம். கடையில் சைக்கிளின் மேல்குழாய் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். ஷூ போட்டுக் குழாயைக் கடந்து இரண்டு காலும் ஊன்றி நிற்கையில் குறைந்தது இரண்டு இஞ்ச் இடைவெளி வேண்டும். அதற்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது.

உடம்பின் மொத்த உயரத்தை வைத்து ஒரு தோராயம்: 135 முதல் 150 செ.மீ. வரை 24 இஞ்ச் சக்கரச் சைக்கிளே போதும், வகுப்பில் மற்றவர்கள் என்ன வைத்திருந்தாலும் சரி. 150ஐத் தாண்டினால் பெரிய சக்கரத்தோடு 14 முதல் 16 இஞ்ச் ஃபிரேம். 165 முதல் 175 வரை 17 அல்லது 18. அதற்கு மேல் 19, 20. இரண்டு அளவுக்கு நடுவே தடுமாறினால் சிறியதை எடுங்கள். கால் வளர்ந்தால் சீட்டை ஏற்றலாம். கை வளர்ந்தால் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மைக் கொஞ்சம் நீளமானதாக மாற்றலாம். பெரிய ஃபிரேமை எந்த மெக்கானிக்காலும் சிறிதாக்க முடியாது. சீட்டைத் தாங்கும் கம்பியை ஏற்றும்போது மட்டும் அதில் பொறித்திருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியக் கூடாது. அந்தக் கோடு தெரிந்துதான் சீட் உயரம் கிடைக்கிறது என்றால் சைக்கிளை மாற்றும் காலம் வந்துவிட்டது.

சீட் உயரத்துக்குச் சுலபமான வழி: குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கையில் முட்டி லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இதைவிடத் தாழ்வான சீட்டில்தான் ஓட்டுகிறார்கள். முட்டி மடங்கியபடியே மிதித்தால் கால் சீக்கிரம் சலிக்கும்; சலித்ததும் எழுந்து நின்று, உடம்பின் எடையையெல்லாம் பெடலில் போட்டு மிதிப்பார்கள். தேய்ந்த செயின் பல்லை விட்டுத் தாவுவது அந்த நேரம் பார்த்துத்தான். கால் சட்டென்று வெறுமையில் இறங்க, நெஞ்சு ஹேண்டில்பாரில் மோதும். ஒருமுறை இப்படி விழுந்த பிள்ளைக்கு அந்தச் சைக்கிள்மேல் நம்பிக்கை போய்விடும்.

செயினுக்கு வருகிறேன். இந்த உருளைச் செயினை 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் கொண்டுவந்தார். அடிப்படை இன்றும் அதுவேதான். ஆணிக்கும் ஆணிக்கும் நடுவே அரை இஞ்ச், அதாவது 12.7 மி.மீ. தாத்தாவின் சைக்கிளுக்கும் இன்றைய 12 கியர் சைக்கிளுக்கும் இதில் மாற்றமில்லை, அகலம்தான் வேறு. 114 கண்ணி உள்ள ஒரு செயினில் ஆணிகள் 114, உருளைகள் 114, தகடுகள் 228. ஆக 456 உறுப்புகள், ஒன்றோடொன்று உரசிக்கொண்டே, மூடி எதுவும் இல்லாமல், முன்சக்கரம் வாரியிறைக்கும் மணலில் ஓடுகின்றன. பழைய சைக்கிளுக்கு முழுச் செயின் கவர் இருந்தது. மலைச் சைக்கிளுக்கு அது கிடையாது. அதன் செயின் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது என்பதற்கு இதற்கு மேல் பெரிய ரகசியம் இல்லை.

"செயின் இழுத்துக்கிச்சு" என்பார்கள். இரும்புத் தகடு ரப்பர்போல் நீள்வதில்லை. ஆணி தேய்கிறது, ஆணி சுழலும் துளை தேய்கிறது. ஒவ்வோர் இணைப்பிலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால்கூட, 114 இணைப்புக்கும் சேர்த்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளம் கூடிவிடும். அரை இஞ்சுக்கென்று வெட்டிய பல்லில் அரை இஞ்சைத் தாண்டிய செயின் சரியாக உட்காராது. பல்லின் முதுகில் ஏறி நின்று அதையும் அராவித் தின்னும்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். இரும்பு டேப் ஒன்று போதும். தையல்காரர் டேப் வேண்டாம். செயின் விறைப்பாக இருக்கும் பகுதியில், ஓர் ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். அங்கிருந்து 24ஆவது ஆணியின் நடு, 12 இஞ்ச் கோட்டில் இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டி 1/16 இஞ்ச், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 இஞ்ச் போயிருந்தால் பின்னால் இருக்கும் ஃப்ரீவீல் பல்லும் அநேகமாகப் போயிருக்கும். சில நூறு ரூபாய்ச் செயினை நேரத்துக்கு மாற்றினால் ஃப்ரீவீல் பிழைக்கும், முன்பல் பிழைக்கும். மாற்றாமல் விட்டால் மூன்றுக்கும் சேர்த்துச் செலவு.

இங்கே நம் தெருமுனை மெக்கானிக் அண்ணன்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. "லூசாயிடுச்சு சார், ஒரு லிங்க் வெட்டிட்டா சரியாயிடும்" என்பார்கள். கியர் இல்லாத சைக்கிளில் வெட்டினால் தொய்வு மறையும், உண்மை. ஆனால் மிச்சமுள்ள ஒவ்வொரு கண்ணியும் அதே தேய்ந்த அளவில்தான் இருக்கும். பல்லைத் தின்பது நிற்காது. கியர் சைக்கிளில் இது ஆபத்தும்கூட. முன்னே பெரிய பல், பின்னே பெரிய பல் என்று பிள்ளை தெரியாமல் போட்டுவிட்டால், நீளம் போதாமல் செயின் டிரேலியரைப் பிய்த்துக்கொண்டு வரும். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி உருளைகளோடு தொங்குகிறதே, அந்தக் கை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: புதுச் செயின் போட்ட மறுநாளே தாவுகிறது என்றால் செயினைத் திட்டாதீர்கள். பழைய பல் பழைய செயினின் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. பிள்ளை வழக்கமாக ஓட்டும் ஒன்றிரண்டு பல்லில் மட்டும் தாவினால் சந்தேகமே வேண்டாம்.

செயின் கழல்வது வேறு நோய். தேயாத செயினும் கழலும். பள்ளிக்கூட ஸ்டாண்டில் ஒரு சைக்கிள் சரிந்தால் வரிசையே சரியும். வலது பக்கம் விழுந்த சைக்கிளில் டிரேலியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சிறு இரும்பு நாக்கு உள்பக்கமாக வளையும். வெளியே பார்த்தால் தெரியாது. பின்னால் குனிந்து, தொங்கும் கை சக்கரத்துக்கு இணையாக நேரே நிற்கிறதா என்று பார்த்தால் தெரியும். வளைந்த நிலையில் மேடேறச் சிறிய கியர் போட்டால் செயின் பெரிய பல்லையும் தாண்டி ஸ்போக்குக்குள் விழும். டிரேலியரில் எச், எல் என்று எழுத்துப் பொறித்த இரண்டு குட்டித் திருகாணிகள் இருக்கின்றன. செயின் இரு ஓரத்திலும் எதுவரை போகலாம் என்று வேலி போடுபவை அவைதான். ஹேங்கரை நிமிர்த்தாமல் திருகாணியை மட்டும் திருகிக்கொண்டிருந்தால் பயன் இல்லை. ஸ்போக்குக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் தட்டு அசிங்கமாக இருக்கிறது என்று பிள்ளைகள் கழற்றிப் போட்டுவிடுவார்கள். இருக்கட்டும், விடுங்கள் என்று சொல்லுங்கள்.

புதுச் சைக்கிளில் முதல் மாதத்திலேயே கியர் தானாக மாறுகிறது, கடகடக்கிறது என்றால் பெரும்பாலும் வயர் தளர்ந்திருக்கும். வயரும் அதன் உறையும் தங்கள் இடத்தில் அமர அவ்வளவு காலம் பிடிக்கும். கடையில் கொடுத்து ஒருமுறை இழுத்துக் கட்டினால் தீர்ந்தது.

பிள்ளைக்குக் கியர் போடச் சொல்லிக்கொடுங்கள். கடையில் யாரும் சொல்லித்தருவதில்லை. முன்னே மூன்று, பின்னே ஏழு, ஆக 21 கியர் என்று பெட்டியில் போட்டிருக்கும். முன்னே 42 பல், பின்னே 28 பல் என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஒன்றரைச் சுற்று. முன்னே 24, பின்னே 16 என்றாலும் அதே ஒன்றரைச் சுற்று. இப்படி ஒன்றையொன்று ஒத்தவற்றைத் தள்ளினால் மிஞ்சுவது ஒரு டஜன்தான். அதனால் முன்னே நடுப்பல்லில் விட்டு, பின்பல்லை மட்டும் மாற்றினால் நம் ஊர்ச் சாலைக்குப் போதும். முன்னே பெரியதும் பின்னே பெரியதும், முன்னே சிறியதும் பின்னே சிறியதும் கூடாது. செயின் கோணலாக இழுபட்டுத் தேயும். நின்ற இடத்தில் கியர் மாற்றக் கூடாது. மேம்பாலத்தின் நடுவில், முழு பலத்தோடு மிதிக்கையிலும் கூடாது. ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய்தான் முதல் மருந்து. வேண்டாம். மண்ணைச் சேர்த்துப் பிடிக்கும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் உறைந்தே போகும். ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் கழிவு ஆயிலில் இன்ஜின் தேய்ந்த உலோகத் துகள் இருக்கிறது. அதைச் செயினில் ஊற்றுவது மணலை ஊற்றுவதற்குச் சமம். கிரீஸ் வெளியே அப்பிக்கொண்டு நிற்குமே தவிர ஆணிவரை போகாது. சைக்கிள் செயினுக்கென்று விற்கும் எண்ணெய் நல்லது. கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய், ஆனால் அடிக்கடி போட வேண்டும். முதலில் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அழுக்கைத் துடைத்துக் காயவிட்டு, உருளைக்கு ஒரு சொட்டாக விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கொஞ்ச நேரம் கழித்து வெளியே நிற்கும் எண்ணெயையெல்லாம் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க்கு உள்ளேதான் வேலை. வெளியே நிற்பது தூசிக்குப் பசை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து வந்தால் அன்றைக்கே துடைக்க வேண்டும். கடற்கரையோரம் குடியிருப்பவர்களுக்கு மழைகூட வேண்டாம், உப்புக்காற்றே துருவேற்றிவிடும். பைக் வாட்டர் வாஷ் கடையில் கொடுத்து அழுத்தத் தண்ணீர் அடிக்காதீர்கள்; ஹப்பிலும் பெடல் அச்சிலும் உள்ள கிரீஸை அது கழுவிக்கொண்டு போய்விடும்.

கடைசியாக, கேட்டால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். பள்ளிக்கூடம் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள், சமதரை என்றால் கியரே வேண்டாம். முழுச் செயின் கவர் போட்ட சாதாரணச் சைக்கிள், சரியான ஃபிரேமில். பேண்ட் நுனியும் துப்பட்டாவும் சிக்காது, மழையில் செயின் நனையாது. கியர்தான் வேண்டும் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நின்றால் வாங்குங்கள். ஆனால் குறைந்த விலையில் பின்னாலும் ஸ்பிரிங் வைத்துத் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். கனம்தான் கூடும், மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங் தின்னும், கொஞ்ச நாளில் அதன் மூட்டு ஆடத் தொடங்கும்.

மாடிப்படிக்கு அடியில் நிற்கும் சைக்கிளை இந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுங்கள். காற்றடித்து, செயினை அளந்து, பிள்ளையை ஷூவோடு குழாயைக் கடந்து நிற்கச் சொல்லிப் பாருங்கள். செயின் மட்டும் போயிருந்தால் மாற்றிவிடலாம். ஃபிரேம் பெரிதென்றால், உங்கள் அடுக்ககத்திலேயே அந்த அளவுக்கு வளர்ந்த பிள்ளை ஒன்று இருக்கும், பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் கிரீஸோடு திரியும் ஓர் அண்டை வீட்டுக்காரர்

பி.கு.: செயினைத் துடைக்கும்போது ஒருவர் பெடலைச் சுற்ற, இன்னொருவர் துணி பிடிக்கும் ஏற்பாடு வேண்டவே வேண்டாம். பல்லுக்கும் செயினுக்கும் நடுவே விரல் போனால் நுனி துண்டாகிவிடும். ஒரே ஆள் செய்யட்டும். பல்லுக்குப் பக்கத்தில் இல்லாமல், கீழே தொங்கும் பகுதியின் நடுவில் துணியைப் பிடித்து, மற்றக் கையால் பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றட்டும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்த நேரத்தில் உள்ளே அனுப்பிவிடுங்கள்.